முதல் பயணத்துக்கு ஒரு தீவு போதும்

"வந்ததே வந்தாச்சு, பினாங்கையும் லங்காவியையும் சேர்த்தே பார்த்துட்டுப் போயிடலாம்." தமிழ்நாட்டிலிருந்து முதல் தடவையாக எங்கள் பக்கம் வரும் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் இந்த முடிவோடுதான் விமானம் ஏறுகிறார்கள். அவர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. சுங்கைப் பட்டாணியில் டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவரும் வேன் ஓட்டுகிற தம்பியும் சிடாம் கிரியில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவும் அவர்களுக்கு அதே யோசனையைத்தான் சொல்கிறார்கள். நாலு ராத்திரி, அஞ்சு பகல் என்றால் இரண்டு தீவு என்பது கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்காகிவிட்டது. கோலாலம்பூரையும் அதற்குள் திணிக்கிறவர்கள் உண்டு.

இந்தக் கணக்கு தவறு. பணத்தையும் உடம்பையும் கெடுப்பதோடு, இரண்டு தீவில் ஒன்றைக்கூடக் கண்ணில் காட்டாமல் ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. குறுகிய முதல் பயணத்துக்கு ஒரு தீவுதான் சரி. வருகிறவர் தமிழராக இருந்தால் அந்தத் தீவு பினாங்காக இருக்க வேண்டும். மிச்சமாகும் நாளைக் கெடாவின் தரைப்பகுதிக்குக் கொடுக்க வேண்டும். லங்காவி இரண்டாவது பயணத்துக்கு உரியது. நான் கெடாக்காரன், லங்காவி எங்கள் மாநிலத்துத் தீவு என்பது தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

இப்போது இதைப் பேசவேண்டிய காரணம் இருக்கிறது. 2023 டிசம்பர் முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் வரலாம். 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோ நேரடி விமானம் தொடங்கியது. பறக்கும் நேரம் சுமார் நான்கு மணிதான். முன்பெல்லாம் இங்கே வருகிறவர்கள் வியாபாரிகளாக இருப்பார்கள், இல்லாவிட்டால் கல்யாணம், கருமாதி என்று காரியத்துக்கு வருகிறவர்கள். இப்போது பள்ளி ஆசிரியர், பேருந்து நடத்துநர், சின்னக் கடை வைத்திருப்பவர் என்று வாழ்க்கையில் முதல் தடவை கடவுச்சீட்டு எடுத்தவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள். வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. அதை எப்படிச் செலவழிப்பது என்று அவர்களுக்குச் சொல்லித்தருவது, வசதியுள்ள ஒருவர் விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிப்பதைவிடப் பொறுப்பான காரியம்.

முதலில் நேரத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இரண்டு தீவுக்காரர்கள் எல்லாரும் வழுக்கி விழுவது அங்கேதான். வரைபடத்தில் பினாங்கும் லங்காவியும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஒரு விரல் அகலம்கூட இல்லை. முன்பு பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து லங்காவிக்கு நேரடிப் படகு ஓடியது, ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். பெருந்தொற்றுக் காலத்தில் அது நின்றுபோனது. அந்தப் படகை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்னும் பலர் திட்டம் போட்டுத் தருகிறார்கள்.

தரைவழியாகப் போனால் என்ன ஆகும்? ஜார்ஜ்டவுன் விடுதியில் பெட்டியைக் கட்டி, பாலம் தாண்டி, வடக்கு நெடுஞ்சாலையில் ஏறி, சுங்கைப் பட்டாணியையும் குருணையும் அலோர் ஸ்டாரையும் கடந்து கோல கெடா ஜெட்டிக்குப் போக வேண்டும். சாலை காலியாக இருந்தாலே இரண்டு மணி நேரம் பிடிக்கும். படகுக்கு முன்கூட்டியே போய் வரிசையில் நிற்க வேண்டும். படகில் ஒன்றே முக்கால் மணி. குவா ஜெட்டியில் இறங்கிப் பெட்டிகளை இழுத்து, வண்டி பிடித்து, சினாங் கடற்கரைப் பக்கம் விடுதிக்குப் போய்ச் சேர மேலும் அரை மணிக்கு மேல். காலையில் கிளம்பியவர்கள் அறைக்குள் நுழையும்போது பிற்பகல் ஆகிவிட்டிருக்கும். விமானத்தில் போகலாமே என்பார்கள். வானத்தில் இருப்பது முக்கால் மணிக்கும் குறைவுதான். ஆனால் விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, பெட்டி வாங்குவது, வண்டி பிடிப்பது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும்.

இனி ஐந்து பகலை எண்ணிப் பாருங்கள். வந்திறங்கும் நாள் பாதி தூக்கத்தில் போகும். இங்கே கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால் பிள்ளைகளுக்கு முதல் நாள் காலை எது, ராத்திரி எது என்றே தெரியாது. கடைசி நாள் விமானத்துக்குப் போய்விடும். நடுவில் மூன்று முழு நாள். அதில் தீவு மாறுவதற்கு ஒரு நாளில் பெரும்பகுதி செலவு. திரும்பும் விமானமும் பினாங்கிலிருந்தே என்றால் அதே தூரத்தை இரண்டாவது தடவையும் கடக்க வேண்டும். ஆக, இரண்டு தீவுக்கும் சேர்த்துக் கையில் நிற்பது ஒன்றரை நாள் அல்லது இரண்டு நாள். கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் எழுந்து அடுத்த கல்யாணத்துக்கு ஓடுவது போன்ற காரியம் இது.

இதில் வயதானவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அம்மா, அப்பாவுக்கு வெளிநாடு காட்ட வேண்டும் என்றுதான் பல பிள்ளைகள் பணம் சேர்க்கிறார்கள். முட்டி வலியோடு ஜெட்டிப் படி இறங்கி, ஆடுகிற படகில் கால் வைத்து, மூடிய அறைக்குள் குளிரூட்டியின் கீழ் வயிறு குமட்ட உட்கார்ந்து வருகிற அந்த அம்மாவுக்கு அது தீவும் அல்ல, பயணமும் அல்ல. பெட்டியைத் திறந்து துணியை ஒரு இடத்தில் மாட்டி, நான்கு நாள் அதே அறையிலிருந்து கிளம்பி அதே அறைக்குத் திரும்புவதுதான் அவருக்குச் சுகம்.

நேரம் குறைவாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லங்காவியில் எல்லாரும் பார்க்க விரும்புவது மாட் சின்சாங் மலைக் கேபிள் காரையும், 2005-இல் திறந்த அந்த 125 மீட்டர் தொங்குபாலத்தையும்தான். காற்று பலமாக அடித்தாலோ மின்னல் வெட்டினாலோ கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். மூன்று நாள் தங்குகிறவர் மறுநாள் போய்க்கொள்வார். ஒரே ஒரு நாள் வைத்திருப்பவர் அடிவாரத்தில் நின்று மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வெப்பமண்டலத் தீவில் மழைக்கும் காற்றுக்கும் இடம் விட்டுத்தான் திட்டம் போட வேண்டும். இரண்டு தீவுத் திட்டத்தில் அந்த இடமே கிடையாது.

"சரி, ஒன்றுதான் என்றால் லங்காவிக்கே போகிறோம். அதுதானே நிஜமான தீவு? பினாங்கு பாலம் போட்ட ஊர், நம்ம சென்னை மாதிரி கட்டடம்" என்று அடுத்த வாதம் வரும். இந்த வாதத்துக்குப் பின்னால் இருப்பது புகைப்படங்கள். கண்ணாடி போன்ற நீல நீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை. அந்த நீலத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் சினாங் கடற்கரையில் நின்று முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. மலாக்கா நீரிணை ஆழமில்லாத, ஆற்று வண்டல் கலந்த கடல். எங்கள் பக்கத்து நீர் பச்சையாக இருக்கும், மழைக்குப் பிறகு மண் நிறமாகவும் ஆகும். அது அந்தக் கடலின் இயல்பு, குறை இல்லை. அந்த வண்டலில்தான் அலையாத்திக் காடு வளர்கிறது, இறால் பெருகுகிறது, மீனவர்கள் பிழைக்கிறார்கள். பவளமும் வண்ண மீனும் பார்க்க வேண்டுமானால் லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவின் கடல் பூங்காவுக்குத் தனியாக ஒரு நாள் படகில் போக வேண்டும். ஒரு நாள் லங்காவிக்காரருக்கு அது எட்டாது.

லங்காவியின் பெருமை நீரின் நிறத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. மாட் சின்சாங் மலையின் மணற்பாறைகள் 50 கோடி ஆண்டுக்கும் மேற்பட்டவை. இந்த நாட்டிலேயே அவைதான் மிகப் பழையவை. கிலிம் பகுதியின் சுண்ணாம்புக் குன்றுகளும் குகைகளும் அதற்கு அடுத்த வயதுடையவை. இதற்காகத்தான் 2007-இல் யுனெஸ்கோ ஆதரவுள்ள புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டது, தென்கிழக்காசியாவில் அதுவே முதல். இதை ரசிக்க மெதுவாகப் போகும் படகும், பொறுமையாக விளக்கும் ஆளும், அவசரமில்லாத மனமும் வேண்டும். 1987 முதல் தீர்வையில்லாத் தீவு என்பதால் சாக்லேட் பெட்டிக்கும் பாத்திரக் கடைக்கும் ஓடிவிட்டு ஜெட்டிக்குத் திரும்புகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடைப்பதில்லை.

அடுத்தது "99 தீவு" என்ற கவர்ச்சி. லங்காவிக்குப் போனால் ஒரே நாளில் மூன்று தீவு பார்க்கலாம் என்று விற்கிறார்கள். வேகப்படகில் ஏற்றி டாயாங் பூந்திங் தீவின் நன்னீர் ஏரிக்குக் கொண்டுபோய், பிறகு கழுகு பார்க்க ஓரிடத்தில் நிறுத்தி, பெராஸ் பாசா மணலில் கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு, நான்கு மணி நேரத்தில் கரை சேர்த்துவிடுவார்கள். ஏரி அழகானது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு கூட்டம் ஏறும்போது அடுத்த கூட்டம் இறங்குகிறது. குரங்கு பையைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதிலேயே பாதி நேரம் போய்விடும். கழுகுகளை வரவழைக்கக் கோழித்தோலை நீரில் வீசும் வழக்கம் பல ஆண்டுகளாகக் கண்டிக்கப்பட்டு வருகிறது. வேட்டையாடும் பறவையைப் பிச்சைக்குப் பழக்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அந்த 99-இல் மனிதர் வாழும் தீவுகள் மிகச் சில. மற்றவை கடலில் நிற்கும் பாறைகளும் காடுகளும். தீவுகளை எண்ணிக்கையாக வைத்துப் பெருமைப்படுவது, பார்த்தவரைவிட விற்பவருக்குத்தான் உதவுகிறது.

மாதத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது இன்னொரு வேதனை. வெயில் நாடு, எப்போது போனாலும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். லங்காவியிலும் வட கெடாவிலும் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வறண்ட காலம். செப்டம்பரும் அக்டோபரும் மழை கொட்டும் மாதங்கள். சரஸ்வதி பூசை, தீபாவளி விடுமுறையைக் கணக்குப் போட்டு வருகிறவர்கள் நேராக அந்த மழைக்குள்தான் இறங்குகிறார்கள். கடற்கரைத் தீவில் மழை பெய்தால் அறைக்குள் உட்கார வேண்டும். ஜார்ஜ்டவுனில் பெய்தால் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் கூரையுள்ள நடைபாதையில், நடந்துகொண்டே கடை, கோயில், அருங்காட்சியகம் என்று நாளைக் கழித்துவிடலாம்.

கிழக்குக் கரையின் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். புகைப்படத்தில் பார்த்த அந்த நீல நீர் உண்மையில் அங்கேதான் இருக்கிறது. ஏப்ரல், மே கோடை விடுமுறை அதற்குப் பொருத்தமான காலமும்கூட. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது அங்கே பெரும்பாலான விடுதிகளை மூடிவிடுவார்கள். பெர்ஹெந்தியானுக்கு எங்கள் கோல கெட்டில், பாலிங் வழியாகக் கெரிக் போய், மலைத்தொடரைக் கடந்து ஜெலி இறங்கி, கோல பெசுட் ஜெட்டிக்குப் போய்ப் படகேற வேண்டும். கடலுக்காக மட்டுமே வருகிறவர் அதற்கென்றே தனிப் பயணம் போடட்டும். பினாங்கோடு சேர்த்து முடிச்சுப் போடுகிற இடம் அதுவல்ல.

இனி பினாங்குக்கு வருகிறேன். "வெறும் ஊர்" என்று அதைத் தள்ளுகிறவர்கள் மீதுதான் எனக்கு உண்மையான வருத்தம். உலகத்தில் எத்தனையோ வெப்பமண்டலத் தீவுகள் இருக்கின்றன. மணலும் தென்னையும் எல்லாவற்றிலும் உண்டு. தமிழ் ஆட்கள் வந்து இறங்கி, வேலை செய்து, கோயில் கட்டி, பள்ளிவாசல் கட்டி, செத்து மண்ணான தீவு எத்தனை? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் வங்கக் கடலைத் தாண்டி முதலில் கண்ட மலாயா மண் பினாங்குதான். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985-இல் தீப்பிடிக்கும் வரை. 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவில் முதலில் கால் வைத்ததும் பினாங்குத் துறைமுகத்தில்தான். கெடா தோட்டங்களுக்கு ஆள் கட்டிக்கொண்டு வந்த கங்காணிமார்களும், அவர்கள் பின்னால் வந்த எங்கள் பாட்டன் பாட்டிமாரும் இந்தத் துறைமுகத்தில் இறங்கித்தான் சுங்கைப் பட்டாணிக்கும் பீடோங்குக்கும் கூலிமுக்கும் பிரிந்து போனார்கள்.

முதல் பாலத்தில் தீவுக்குள் போகும்போது தெற்குப் பக்கம் ஒரு காட்டுத் தீவு தெரியும். அது ஜெரெஜாக். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து அங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லமும், கப்பலில் வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் முகாமும் இருந்தன. கப்பலில் அம்மையோ காலராவோ வந்திருந்தால் கூலியாட்களை அங்கேதான் இறக்கினார்கள். 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவு. ஒரு நாளில் மூன்று தீவு சுற்றிக் காட்டுகிற எந்தத் திட்டத்திலும் ஜெரெஜாக்கின் பெயர் இல்லை. பாலத்தில் போகிற வண்டியின் சன்னல் வழியாக அந்தத் தீவை ஒரு தமிழ்ப் பிள்ளைக்குக் காட்டி, நம்ம ஆட்கள் முதலில் அடைபட்டுக் கிடந்த இடம் அது என்று சொல்வதற்கு எந்தக் கட்டணமும் இல்லை.

ஜார்ஜ்டவுனுக்குள் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. அதற்குச் சில நிமிட நடையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801-இல் அதற்கு அடித்தளமிட்டார். பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில். 1818-இல் முடிந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தைக் கட்டியதில் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பு இருக்கிறது. சூலியா ஸ்திரீட்டில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நாகூரிலிருந்து வருகிற ஒருவர் அதன் முன்னால் நிற்கும்போது என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பழைய நகரம் 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்ந்து உலகப் பாரம்பரியத் தலமானது. இதெல்லாம் ஒரு பகல் நடையில் அடங்கும் தூரம். ஆனால் அந்த நடையை மத்தியானத்துக்குள் முடித்து ஜெட்டிக்கு ஓட வேண்டும் என்று இருந்தால், நான்கு சுவரோவியங்களின் முன்னால் நின்று படம் எடுப்பதோடு முடிந்துவிடும்.

தண்ணீர்மலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. புதிய கோயிலின் குடமுழுக்கு 2012-இல் நடந்தது. காரைக்குடியில் செய்து 1894-இல் வந்த நகரத்தார் வெள்ளித்தேர் தைப்பூசத்துக்கு முதல் நாள் ஊரைச் சுற்றி வரும். எங்கள் சிறுவயதில் தோட்டத்து மக்கள் லோரியில் ஏறி பட்டர்வொர்த் போய், பெர்ரியில் கடல் தாண்டி, விடிய விடிய நடந்து மலையேறுவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை தோட்டத்துக்கு வெளியே போகும் பயணம் பலருக்கு அதுதான். அவர்களுக்குப் பினாங்கு கடற்கரை அல்ல, தேர் வரும் தீவு. ஜனவரி, பிப்ரவரியில் வர முடிந்தவர்கள் தைப்பூச நாளைப் பார்த்து டிக்கெட் போடுங்கள். வறண்ட காலமும் அதுவே.

பினாங்கில் இயற்கை இல்லை என்பதும் பொய். தெலுக் பாஹாங் மூலையில் 2003 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது. காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சுட் கடற்கரை வரும், ஆமைகள் முட்டையிட வரும் மணல் அது. நடக்க முடியாதவர்களைப் படகில் கொண்டுபோய் விடுவார்கள். பினாங்கு ஹில் என்கிற கொடிமலைக்கு 1923-இலிருந்து மலை ரயில் ஓடுகிறது. இப்போதைய வண்டி 2011-இல் வந்தது. மேலே போனால் வடகிழக்கே கடலைத் தாண்டி எங்கள் ஜெராய் மலை தெரியும். பிள்ளைகள் காலை நனைக்க பத்து பெரிங்கி மணல் போதும். நீர் இங்கேயும் பச்சைதான்.

தீவு மாறாததால் மிச்சமாகிற அந்த ஒரு நாளை எங்கள் கரைக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன். பினாங்கே 1786 வரை கெடா சுல்தானின் தீவாக இருந்ததுதான். பாலம் தாண்டி மூடா ஆற்றைக் கடந்தால் கெடா. சுங்கைப் பட்டாணியிலிருந்து மெர்போக் அரை மணி தூரம். அங்கே ஜெராய் மலையடிவாரத்தில், ஓடையோரம், பத்து பாஹாட் சண்டி என்கிற பழங்கோயிலின் கருங்கல் அடித்தளம் இருக்கிறது. குவாரிச் வேல்ஸ் 1930-களில் ஆராய்ந்ததையும், அலஸ்டர் லாம்ப் 1959, 60-இல் மீண்டும் எடுத்து நிறுத்தியதையும் பக்கத்து அருங்காட்சியகம் சொல்லும். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் படகுத்துறைகளையும் 2009 முதல் தோண்டி எடுத்து வருகிறார்கள். 1025-இல் இராசேந்திர சோழன் படையனுப்பிய கடாரம் இந்தக் கரை என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்து குவிந்ததாகச் சொல்லும் காழகத்துப் பொருள்களும் இங்கிருந்து போனவை என்பார்கள். படையெடுப்பைவிட அந்த வணிகம் நீண்டது, இரண்டு கரைக்கும் பெருமை தருவதும் அதுதான். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்குச் சோழர்கள் ஊர் கொடுத்த செப்பேட்டை லெய்டன் செப்பேடு என்பார்கள்.

கடாரம் என்று கேட்டால் தமிழ்நாட்டில் நெஞ்சு நிமிராதவர் இல்லை. ஆனால் கடாரத்துக்கு ஒரு மணி நேரத் தூரம் வரை வந்துவிட்டு, நெடுஞ்சாலையில் மெர்போக் பலகையைத் தாண்டி, கோல கெடா படகைப் பிடிக்க வண்டியை விரட்டுகிறோம். இதன் விலையை இங்கே இருக்கிறவர்கள் கொடுக்கிறோம். 2013-இல், மெர்போக்கை ஒட்டிய இந்தப் பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகளில் ஒன்றை வீடமைப்பு நிலத்துக்காக இடித்துவிட்டார்கள். இடித்த பிறகுதான் நாடே அதன் பெயரைக் கேள்விப்பட்டது. ஆட்கள் வந்து போகும் இடமாக அது இருந்திருந்தால் அத்தனை எளிதாக மண்வாரி அங்கே ஏறியிருக்காது.

அதே நாளில், வழியிலேயே, சொந்தக்காரர் இருக்கிற தோட்டத்தைப் பார்த்துவிடலாம். பால் மரம் நின்ற நிலத்தில் இப்போது செம்பனையும் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளும். லயங்கள் பல இடங்களில் இடிந்துவிட்டன. கோயில் மட்டும் நிற்கிறது. சிடாம் கிரியிலும் கோல கெட்டிலிலும் பாடாங் செராயிலும் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உங்கள் தாத்தாவின் அண்ணன் எந்த வருஷம் வந்தார், எந்தக் கணக்கில் பெயர் கொடுத்தார், ஏன் திரும்பவில்லை என்று பெரியவர்களிடம் கேட்பதற்கு இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன. கேபிள் கார் அடுத்த தடவையும் ஓடும். அந்தப் பெரியவர்கள் இருக்க மாட்டார்கள்.

"ஓய்வெடுக்கத்தானே வருகிறோம், பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும், சரித்திர வகுப்பு வேண்டாம்" என்று சொல்கிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆண்டு முழுக்க உழைத்தவருக்குச் சும்மா படுத்திருக்க உரிமை உண்டு. புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு இரைச்சல் இல்லாத கடற்கரை வேண்டும். அவர்கள் லங்காவிக்கே போகட்டும். ஆனால் நேராகப் போகட்டும், மூன்று இரவாவது தங்கட்டும், அங்கிருந்தே திரும்பட்டும். பினாங்கை அரை நாளில் தொட்டுவிட்டுப் போக வேண்டாம். என் வாதம் ஒரு தீவுக்கு எதிராக இன்னொன்றைத் தூக்கிப் பிடிப்பதோடு நிற்கவில்லை. எந்தத் தீவானாலும் அதற்குரிய நாளைக் கொடுக்காமல் போகக் கூடாது.

கடைசியாக எல்லாரும் சொல்வது: "இன்னொரு தடவை எங்கே வரப்போகிறோம்?" மற்ற வாதங்களைவிட இதுதான் மனத்தைத் தொடுகிறது, ஏனென்றால் பலருக்கு அது உண்மை. ரஜூலாவில் வந்தவர்கள் ஊர் திரும்பப் பத்து, இருபது ஆண்டு ஆனது. பலர் திரும்பவே இல்லை. அவர்கள் அப்படிச் சொன்னால் அர்த்தம் இருந்தது. நான்கு மணி நேர விமானம் பறக்கும் காலத்தில், விசா கேட்காத காலத்தில், மறுபடி வருவதற்கு முன்னைவிட வழி இருக்கிறது. அப்படியும் வர முடியாதவர் என்றால், வாழ்க்கையின் ஒரே பயணத்தை நெடுஞ்சாலையிலும் ஜெட்டி வரிசையிலும் செலவழிப்பதற்கு அவருக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவான காரணம் இருக்கிறது. ஊருக்குப் போய்ப் பேரப்பிள்ளைக்குச் சொல்ல, நின்று பார்த்த ஒரு தெருவும் பேசிப் பழகிய ஒரு முகமும் வேண்டும். ஓடி ஓடித் தொட்ட இடங்களில் அவை அமைவதில்லை.

டிக்கெட் போட்டுத் தருகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு இரண்டு தீவு என்றால் இரண்டு விடுதி, இரண்டு வண்டி, ஒரு படகு, அதற்கான கழிவு. அது உங்கள் பிழைப்பு, தெரியும். ஆனால் முதல் தடவை வருகிறவர் உங்களை நம்பித்தான் பணத்தைக் கொடுக்கிறார். எந்த மாதம் வருகிறார், கூட வயதானவர் இருக்கிறாரா, என்ன பார்க்க ஆசைப்படுகிறார் என்று மூன்று கேள்வி கேட்ட பிறகு திட்டத்தை எழுதுங்கள்.

தமிழ்நாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு: பினாங்கில் நான்கு இரவு போடுங்கள். அதில் ஒரு பகல் மட்டும் பாலம் தாண்டி இந்தப் பக்கம் வாருங்கள். காலையில் மெர்போக், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீடுகளில், சாயங்காலம் தோட்டத்துக் கோயில். இருட்டுவதற்குள் ஜார்ஜ்டவுன் திரும்பிவிடலாம். லங்காவிக்கு அடுத்த தடவை நாங்களும் கூட வருகிறோம்.